நாலு பேர் அறை

"குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சம், உழைச்சுச் செத்தவனுக்கு நாலு லட்சமா?"

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இந்தக் கேள்வி விழாத டீக்கடை இல்லை. கணக்கு சரிதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது அரசு. 2025 ஜனவரி 4ஆம் தேதி சாத்தூர் அருகே பட்டாசு ஆலை வெடித்து 6 பேர் செத்தார்கள். குடும்பத்துக்கு 4 லட்சம்.

இந்தக் கோபத்தில் பாதி எனக்கும் சொந்தம். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை மருந்து வேலை பார்த்திருக்கிறது. நாலைப் பத்தாக்கு என்று யாராவது மறியல் செய்தால் போய் உட்காருவேன். ஆனால் டீக்கடைப் பேச்சு அதோடு நிற்பதில்லை. இரண்டாவது கிளாஸ் வருவதற்குள் "குடிகாரப் பயலுக்கு எதுக்குக் காசு?" என்று திரும்பிவிடும். எனக்கு இடறுவது அங்கேதான். கருணாபுரத்தில் செத்தவர்களும் பெரும்பாலும் அன்றாடம் கூலி வேலைக்குப் போனவர்கள். இங்கே பகலில் மருந்து அடைக்கிறவர்களில் எத்தனையோ பேர் சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் டாஸ்மாக் வரிசையில் நிற்கிறார்கள். உழைக்கிறவன் என்று ஒரு ஜாதி, குடிக்கிறவன் என்று ஒரு ஜாதி கிடையாது. ஒரே ஆளைத்தான் காலையில் ஒரு பேரிலும் ராத்திரியில் ஒரு பேரிலும் கூப்பிடுகிறோம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், குடியைத் தடுக்க ஊர் என்ன செய்யலாம், எதுவரை செய்யலாம் என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதில், அந்த ஆளை ஊருக்குள் வைத்து யோசிக்கிறோமா வெளியே வைத்து யோசிக்கிறோமா என்பதைப் பொறுத்தே அமைகிறது.

"என் காசு, என் உடம்பு, உனக்கென்ன?" என்பது குடிக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி. லேசான கேள்வி இல்லை அது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் சுதந்திரம் பற்றி எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய இதன் பக்கம்தான் நிற்கிறார். குடித்திருக்கிறான் என்பதற்காக மட்டும் ஒருவனைத் தண்டிக்கக்கூடாது, ஆனால் வேலையில் இருக்கும் சிப்பாயோ போலீஸ்காரனோ குடித்திருந்தால் தண்டிக்கலாம் என்பது அவர் வாதம். தன்னை மட்டும் தொடும் காரியம் ஒன்று, பிறரைத் தொடும் காரியம் வேறொன்று. கோட்டை அங்கே போடு என்கிறார்.

அந்தக் கோட்டை எங்கள் ஊரில் சிமெண்டிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். பட்டாசு ஆலை கேட்டில் தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். மருந்து அடைக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. மருந்து கலக்கும் அறையென்றால் இரண்டே பேர். அறைக்கும் அறைக்கும் இடைவெளி. குடிபோதையில் இருக்கும் ஆளையும் 18 வயதுக்குக் குறைந்தவரையும் வேலையில் வைக்கக்கூடாது என்று 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. "என் உடம்பு, என் இஷ்டம்" என்று அந்த அறைக்குள் நின்று எவரும் வாதாட முடியாது. ஒருவர் கை தவறினால் மற்ற மூவருக்கும் சேர்த்துத்தான். இந்த விதிகளை எத்தனை ஆலைகள் மதிக்கின்றன, உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் எத்தனை பேரை அடைக்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். விதிக்குப் பின்னால் இருக்கும் நியாயத்தை மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

மில்லின் கோடு இந்த இடம் வரைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. திங்கட்கிழமை காலையில்தான் சிக்கல். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். வைத்தியம் கிடைக்காமல் உயிரே போய்விடுவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடித்துவிட்டு, "இனிமே தொட மாட்டேன்" என்று பொண்டாட்டி தலையில் சத்தியம் பண்ணி, ஒரு சொட்டும் இல்லாமல் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறார் ஒருவர். வாய் நாறவில்லை. ஃபோர்மேன் உள்ளே விடுகிறார். விதிப்படி அவர் சுத்தமான ஆள். ஆனால் அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கந்தகமும் கலந்த மருந்தைத் தொடும் அவர் விரல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. போதையைப் பார்த்து ஆளை நிறுத்தும் விதி, போதை இல்லாததால் வரும் நடுக்கத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் பார்க்கிறார்கள்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். சுமார் 40 பேர் போனார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிப்போன சுற்று ஊர்க்காரர்கள். அந்த விபத்துக்கும் குடிக்கும் சம்பந்தமில்லை. ஆலைக்குள் நடப்பது காம்பவுண்டு சுவரோடு முடிந்துவிடாது என்பதற்காகச் சொன்னேன். குடியும் அப்படியே. "தன்னை மட்டும் தொடும் காரியம்" என்று ஒன்று பாதி சம்பளம் டாஸ்மாக்கில் இறங்கும் வீட்டில் இருக்கிறதா என்று அந்த வீட்டுப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே ஊர் தலையிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படி என்பதில்தான் நிறையச் சந்தேகம்.

நாம் அறிந்த பழைய வழி ஊர்க்கட்டுப்பாடு. எங்கள் ஊரில் நான் பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை போட்டார்கள். ஊர் எல்லைக்குள் குடித்துவிட்டு வந்தால் தண்டம், மறுபடி மாட்டினால் கோயில் வரியைத் திருப்பிக் கொடுத்துத் தள்ளிவைப்பது. இரண்டு மாதம் ஊர் அமைதியாக இருந்தது என்பது உண்மை. தண்டம் கட்டியவர்கள் யார் யார் என்று பார்த்தால், கூட்டத்தில் பேச வாயில்லாதவர்கள். வீட்டுக்குள் ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தவர்கள் பக்கம் கட்டுப்பாடு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தண்டப் பணத்தைக் கட்டியதோ அந்தந்த வீட்டுப் பெண்கள், குழுக் கடன் வாங்கி. குடித்தவர்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து பக்கத்து ஊரில் குடித்துவிட்டு ஓடைக்கரையில் படுத்தார்கள். ஊர் சுத்தமாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

இன்னொரு வழி, கடையை விரட்டுவது. ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்து துபகுண்டா கிராமப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்த கையோடு சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தத் தீ மாநிலம் முழுக்கப் பரவி, 1993இல் சாராயத்துக்கும் 1995இல் மது மொத்தத்துக்கும் தடை வந்தது. 1997இல் அரசு தடையைத் தளர்த்திவிட்டது. நம் ஊரில் நெடுஞ்சாலையோரக் கடைகளை மூடச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கடைகள் ஊருக்குள்ளும் குடியிருப்புகளுக்குள்ளும் இடம் தேடின. 2017 கோடை முழுக்க எத்தனை ஊர்ப் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து மறித்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பல இடங்களில் ஜெயித்தார்கள். ஜெயித்த ஊரிலிருந்து கடை அடுத்த ஊருக்குப் போனது. விற்கிறவரே அரசாக இருக்கும்போது வேறென்ன ஆகும்? 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,000 கோடிக்கும் மேல். ஒரு கிராமசபைத் தீர்மானம் இந்த எண்ணுக்கு எதிரே நிற்க வேண்டியிருக்கிறது. அதற்காக அந்தப் பெண்கள் செய்தது வீண் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கடை இல்லாமல் இருப்பதே பெரிய விஷயம். ஆனால் குடித்துப் பழகிய ஒருவருக்கு, கடை நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனால் பெட்ரோல் செலவு கூடும், அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. அதிகம் பேசப்படாதது வருத்தமே. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியவர். மருத்துவமனைக்குக் கிராமத்து ஆட்கள் வருவதில்லை, வந்தாலும் கூலியை விட்டுவிட்டுத் தங்க முடிவதில்லை. அதனால் 1989இல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடிக்கு மருத்துவமனையே போனது. ஊரிலேயே 15 நாள் முகாம். இடத்தையும் ஏற்பாட்டையும் உள்ளூர் பார்த்துக்கொண்டது. மருத்துவர்களும் ஆலோசகர்களும் வந்தார்கள், வீட்டாரும் கூட உட்கார்ந்தார்கள். முகாம் முடிந்தபிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். 1994இல் அந்த அனுபவத்தை ஒரு சர்வதேச ஆய்விதழில் சாந்தி ரங்கநாதன் எழுதினார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது மருத்துவம் அல்ல. ஊர்க்கட்டுப்பாட்டில் ஊர் குடிகாரரிடமிருந்து வாங்குகிறது. மஞ்சக்குடியில் ஊர் கொடுத்தது: கூரை, சோறு, 15 நாள் பொறுமை. குடியை விடு என்று சொல்லும் உரிமை ஊருக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இங்கிருந்துதான் என்பேன். அவருடைய திங்கட்கிழமை நடுக்கத்தில், போன கூலியில், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் பங்கு எடுத்துக்கொண்ட ஊர் கேட்கலாம். எடுத்துக்கொள்ளாத ஊர் கேட்டால் அது வெறும் அதட்டல்.

கொடுப்பது விருதுநகர் சீமைக்குப் புதிதும் இல்லை. வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று மகமை எடுத்து வைத்துப் பள்ளிக்கூடமும் பேட்டையும் கட்டிய மண் இது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்திய சத்திரிய வித்தியாசாலாவில்தான் காமராஜர் படித்தார். அந்த உறவின்முறைகள் தம் சாதிக்குள் மட்டுமே கைகோத்தவை என்பதையும் மறக்கக் கூடாது. "ஊர்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைக்குள் காலனி இருக்கிறதா இல்லையா என்பது இன்றைக்கும் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. ஆனால் பட்டாசு அறையில் உட்காரும் அந்த நாலு பேர் பல நேரம் வெவ்வேறு தெரு, வெவ்வேறு ஊர். மருந்துக்கு அது தெரியாது. ஊர்க்கூட்டத்தைவிட அந்த அறையை நான் அதிகம் நம்புவதற்கு இதுவும் காரணம்.

வெம்பக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் குடியை விட்டு நாலாவது வருடம். மருந்துத் தூசி உடம்பில் இறங்காமல் இருக்கக் குடித்தே ஆகவேண்டும் என்று இருபது வருடம் நம்பியவர். (வைத்தியத்தில் இதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள், உடம்பு வலிக்குக் காரணம் சொல்ல வேறு யாரும் வராததால்.) மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரையோடு திரும்பி வந்தவரை, நடுக்கம் முழுசாக நிற்கும்வரை மருந்துப் பக்கம் விடாமல் கூட இருந்த மூவரும் பெட்டி ஒட்டும் வேலைக்கு மாற்றச் சொல்லி ஃபோர்மேனிடம் நின்றிருக்கிறார்கள். அந்த வேலைக்குக் கூலி குறைவு. குறைந்ததை மூன்று பேரும் பங்கு போட்டுக் கொடுத்தார்களாம், ஐந்து வாரம்.

எப்படி விட்டீங்க என்று கேட்டபோது அவர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசவில்லை. "சனிக்கிழம சம்பளம் வாங்கிட்டு வேன்ல வருவோம்ல தம்பி. கடை முக்குல வண்டி எப்பவும் நிக்கும். இவுங்க மூணு பேரும் டிரைவர்ட்ட சொல்லி வச்சிட்டாங்க, அங்க நிப்பாட்டாதேன்னு. வேன்ல பதினாறு பேரு. அதுல குடிக்கிற ஆளுக ஏழெட்டுப் பேரு இருப்பாங்க. ஒருத்தனும் நிப்பாட்டுன்னு சொல்லல. ஊர்ல எறங்கி, திரும்பி நடந்து போயிக் குடிச்சுக்கிட்டாங்க. எனக்காக நடந்தாங்க பாருங்க, ரெண்டு கிலோமீட்டரு."