மாத்திரையும் மன அமைதியும்

தில்லி ஆர்.கே.புரத்துக் குன்றின்மீது எழுந்துள்ள உத்தர சுவாமிமலைக் கோயிலை அங்குள்ளோர் 'மலை மந்திர்' என்றே அழைப்பர். 1973-இல் குடமுழுக்குக் கண்ட அச்சன்னிதிக்குத் தலைநகரத் தமிழர்கள் தங்கள் குறைகளைச் சுமந்தே படியேறுகின்றனர். வெளியே சொல்லத் தயங்கும் குறையும் அவற்றுள் உண்டு. வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கியது, மருத்துவர் மாத்திரை தந்தார், கலக்கம் தணிந்தது. ஆனால் ஜபத்தில் மனம் ஒட்டவில்லை என்கிறார் அவர். "மாத்திரையை நிறுத்து, முருகனை நம்பு" என்று அறிவுரை கூற உறவினருக்கா பஞ்சம்!

மருந்துண்பது நம்பிக்கைக் குறைவா? ஒரு மாத்திரை மனத்தையே மாற்றுமெனில் மனிதன் வெறும் மூளைதானா? இக்கேள்வி வேதாந்திக்குப் புதிதன்று. சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் நீர் மட்டும் அருந்தி உபவாசம் இருக்கச் செய்கிறார். பின் வேதத்தை ஓதச் சொன்னபோது மகனுக்கு எதுவும் நினைவில் எழவில்லை. உணவு உண்டபின் எல்லாம் திரும்பின. உணவின் நுண்பகுதியே மனமாகிறது என்பது தந்தையின் போதனை. மனம் ஆன்மா அன்று. அதுவும் சூட்சுமமான ஜடமே. சோற்றால் மாறும் மனம் மருந்தால் மாறுவதில் வியப்பென்ன?

நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் சித்தப் பிரமைக்குப் பயன்படுவதை 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தனர். அவ்வேரிலிருந்து 1952-இல் ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டு பாரீஸில் ழான் டிலே, பியர் டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். மூளையில் டோபமின் என்னும் பொருள், 'இது முக்கியம்' என்று புலன் செய்திகளுக்கு முத்திரையிடுகிறது எனலாம். அது மிகும்போது வழிப்போக்கரின் பார்வையும் தனக்கே விடுக்கப்பட்ட மிரட்டலாகத் தோன்றும். டோபமினை ஏற்கும் வாயில்களைக் குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் பெரிதும் அடைத்துவிடுவதால் அச்சம் தணிகிறது. ஆனால் ஆர்வமும் உடலசைவும் அதே பொருளையே நம்பியுள்ளன. எனவே சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு ஓரிடத்தில் அமர இயலாத தவிப்பு. சிலருக்கு எதிலும் சுவையற்ற மந்தம். பின்வந்த மருந்துகள் சிலவற்றால் உடல் எடையும் சர்க்கரையும் கூடுகின்றன.

இந்த மந்தத்தைக் கண்டு, "இப்போது முனிவரைப் போல் இருக்கிறான்" என்று வீட்டார் மகிழ்வதுண்டு. அது பெரும் பிழை. ஸ்திதப்பிரக்ஞனின் சமநிலையில் விழிப்பும் கருணையும் உண்டு. அழ இயலாதவன் துயரை வென்றவன் ஆகான். மந்தத்திற்குச் சாந்தி என்று பெயரிட்டால் அவனது முறையீடு அங்கேயே அடைபட்டுவிடுகிறது. அம்முறையீட்டையே காரணமாக்கி மருந்தைத் திடீரென நிறுத்துவதும் தீங்கே. நோய் பெரும்பாலும் திரும்பி வரும். அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் மருத்துவரால் இயலும். மந்தம் நோயினாலேயே வந்ததா என்றும் அவரே ஆராய வேண்டும். அதற்கு அவரிடம் சொல்ல வேண்டுமே! மலை மந்திரிலிருந்து எய்ம்ஸ் மருத்துவமனை சில கிலோமீட்டர் தூரந்தான்.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டோர் தங்கியிருந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. பிற்காலத்தில் ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க அரசு வழிசெய்தது. தொழுது முடித்தவர் அங்கேயே மருத்துவரையும் காண முடிந்தது.