கட்ட முடியாதவனும் கட்ட மறுப்பவனும்

கிரெடிட் கார்டு கடனைக் கட்டாமல் துபாய்க்கு விமானம் ஏறியவனை ஊர் என்ன சொல்கிறது? "கெட்டிக்காரப் பையன், எப்படியோ கரையேறிட்டான்" என்கிறது. அந்தக் கடனைக் கேட்டு ஆள் வந்தபோது லைன் வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்ற அவன் தாயை என்ன சொல்கிறது? "பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பாரு" என்கிறது. கடன் வாங்கியவனுக்குப் பாராட்டு, வாங்காதவளுக்கு அவமானம். இந்தத் தலைகீழ் நியாயத்தைத்தான் நாம் மானம் என்ற பெயரில் கட்டிக்காக்கிறோம்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் இதைப் பேசக் காரணம் உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்குள் இறங்கித் தங்கம் எடுத்த சுரங்கம் இங்கே இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் மூடப்பட்டது. அதன் பின் இவ்வூரின் பிழைப்பு பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டது. மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் விடியலில் ஏறுகிறவர்கள் இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். பெங்களூரில் ஒருவனுக்குச் சம்பளச் சீட்டு கிடைத்த உடனே, வங்கியின் ஆள் தேடி வந்து கார்டு கொடுக்கிறான். வேலை போகிறது, அல்லது வீட்டில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வருகிறது, கார்டில் கடன் ஏறுகிறது. வளைகுடாவில் வேலை கிடைத்ததும் அவன் போய்விடுகிறான். போகும்போது கைபேசி எண் மாறுகிறது. வங்கியின் ஏட்டில் மாறாமல் இருப்பது ஒன்றுதான், சாம்பியன் ரீப்ஸில் உள்ள நிரந்தர முகவரி.

கடன்பட்டது பாவமா? இல்லை. கடன் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் முறிந்தால் அதற்குக் கணக்கும் நீதிமன்றமும் இருக்கின்றன, நரகம் இல்லை. இதை நம்ப மறுப்பவர்கள், இந்த ஊரின் கம்பெனியையே எடுத்துக்கொள்ளட்டும். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நட்டத்தில் மூழ்கியபோது யாரும் அதை ஏமாற்றுக்காரன் என்று ஏசவில்லை. 1992இல் அதைத் தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்துக்கு அனுப்பினார்கள். 'நலிவுற்ற நிறுவனம்' என்று அனுதாபத்தோடு பெயர் வைத்தார்கள். கம்பெனி நொடித்தால் அது நோய், தொழிலாளி நொடித்தால் அது குணக்கேடு!

2016இல் வந்த திவால் சட்டமும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கடனில் பெரும்பகுதியைக் கடன் கொடுத்தவர்களே விட்டுக்கொடுத்து, நொடித்த நிறுவனத்தைக் கைமாற்றிவிட அதில் வழி இருக்கிறது. தனிமனிதர்களுக்கான பகுதியோ, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. சாதாரண ஆளுக்கு இருப்பது வெள்ளைக்காரன் 1920இல் போட்ட மாகாணத் திவால் சட்டம்.

வட்டியின் கதையும் அப்படித்தான். தெருவில் தண்டல் விடுபவன் கொள்ளை வட்டி வாங்கினால் பிடிக்கக் கர்நாடகத்தில் 2004 முதல் சட்டம் உண்டு. வங்கி வட்டியோ நீதிமன்றம் கை வைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. அதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாக்கி 1 லட்சம், வட்டி மாதம் மூன்றரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வட்டி 3,500 ரூபாய். அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 630. நீங்கள் 5,000 கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய். இதில் தலையெழுத்தோ சனிப்பெயர்ச்சியோ எங்கேயும் இல்லை, பெருக்கல் மட்டுமே இருக்கிறது. பரிகாரம் செய்தால் குறையாது, அசலை அடைத்தால்தான் குறையும்.

இதுவரை படித்துவிட்டு, "அப்படியானால் வங்கிக்குக் கட்டாமல் இருப்பதே நியாயம்" என்று மகிழ்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

1980இல் கொச்சியைச் சேர்ந்த ஒரு வங்கியின் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கடனைக் கட்ட வழியில்லாத ஏழையை, ஏழை என்பதற்காகவே சிறையில் தள்ளக்கூடாது என்றது அது. அதே தீர்ப்பு மறுபக்கத்தையும் சொன்னது: வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுப்பவன் கதை வேறு. என் கேள்வியும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பெங்களூரில் வேலை போய் நின்றபோது நீ முடியாதவன். உன்னை ஏசியவர்கள் அறிவில்லாதவர்கள். துபாயில் முதல் ஆறு மாதம், ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தை அடைக்கும்வரை, அப்போதும் நீ முடியாதவனாக இருக்கலாம். அதன் பின்? திர்ஹாமில் சம்பளம் வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, அதில் தங்கைக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தி, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி, அட்சய திருதியைக்கு நகையும் வாங்கினாயே, அன்று நீ எதில் சேர்த்தி? முடியாதவன் என்ற இடத்தை விட்டு மறுப்பவன் என்ற இடத்துக்கு நீ மாறிய நாளைச் சாமியும் சொல்லாது, சட்டமும் உடனே சொல்லாது. நீயேதான் உனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். பகுத்தறிவு என்று நான் சொல்வது அந்த நேர்மையைத்தான்.

"மூணு வருஷம் ஓட்டிட்டா கடன் செத்துடும்" என்று வளைகுடாவின் கேம்ப் அறைகளில் ஒரு வேதவாக்கு உலவுகிறது. அதுவும் மூடநம்பிக்கைதான். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வழக்குப் போட மூன்றாண்டு தருவது உண்மை. ஆனால் அதன் 15ஆம் பிரிவு, கடன்பட்டவர் இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்காதே என்கிறது. நீ வெளிநாட்டில் இருக்கும்வரை அந்தக் கடிகாரம் ஓடுவதே இல்லை. அங்கே வாங்கிய கடனை விட்டுவிட்டு இங்கே ஓடிவந்தாலும் தப்ப முடியாது. அமீரக நீதிமன்றத் தீர்ப்பை இந்தியாவில் நிறைவேற்றலாம் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்துவிட்டது.

இனி அந்தத் தாயின் கணக்கு. தகப்பன் பட்ட கடனை மகன் தீர்ப்பது புனிதக் கடமை என்ற இந்துச் சட்டக் கருத்து இந்நாட்டில் நெடுங்காலம் செல்லுபடியானது. 2005இல் வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தக் கடமையை மட்டும் காட்டி மகன்மேல் வழக்குப் போவதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். சாத்திரம் சொன்ன மகனுக்கே விடுதலை கிடைத்துவிட்டது. எந்தச் சட்டமும் பிடிக்காத தாய் மட்டும் ஏன் தாலிக்கொடியை அடகுக்கடையில் வைக்க வேண்டும்? ஜாமீன் கையெழுத்துப் போடாத வரை மகனின் கார்டு பாக்கிக்கு அவள் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ வசூலுக்குப் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. குடும்பத்தாரை அவமானப்படுத்தவும் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

போனவன் செய்ய வேண்டியது இன்னும் எளிது. புது முகவரியையும் எண்ணையும் வங்கிக்குக் கொடு. ஊர் வங்கிக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்று, அதிலிருந்தே கட்டலாம். குறைந்தபட்சத் தொகை என்ற மாயையில் விழாதே. முழுதும் கட்ட முடியாவிட்டால் தவணையாகப் பிரித்துத் தரச்சொல்லி எழுதிக் கேள். ஒரே தொகையில் முடித்துக்கொள்வதாக இருந்தால், கடிதம் கைக்கு வந்த பின்பு பணம் அனுப்பு. அப்படிக் குறைத்து முடித்தது சிபில் அறிக்கையில் கறையாக நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டே முடிவெடு.

இப்படிக் கேள்வி கேட்பது சாம்பியன் ரீப்ஸுக்குப் புதிதல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிய இதழ், அவர் மறைவுக்குப் பின் நின்றுபோனது. 1926இல் ஜி. அப்பாதுரையார் அதை மறுபடி நடத்தியது இந்த ஊரிலிருந்துதான். சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்து பகுத்தறிவு நூல்களை அச்சிட்டு அனுப்பியது. கைரேகை பதியச் சொன்ன கம்பெனியை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளின் ஊர் இது. குற்றவாளிபோல் நடத்தாதே என்று வெள்ளைக்காரத் துரையிடம் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள், வசூல்காரன் முன்னால் குற்றவாளிபோல் நிற்பது எதற்கு? வசதி வந்த பிறகும் கடனை மறைத்து, பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் எதற்கு?

இல்லாதபோது கட்டாதது குற்றமல்ல, அதற்காக யாரும் தலைகுனிய வேண்டாம். இருந்தும் கட்டாதது திருட்டு. வங்கி கொழுத்தது, அதன் வட்டி அநியாயமானது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் அந்தத் திருட்டின் தண்டனையை அனுபவிப்பது வங்கியல்ல, உன் தாய். அடுத்த மாதச் சம்பளத்தில் திருவிழாவுக்கு எடுத்து வைத்ததைக் கார்டின் அசலுக்குக் கட்டு.