பொறுத்தலும் பார்த்தலும்

கவலையற்ற உறக்கத்தைச் சொல்லத் தமிழில் வழங்கும் தொடர்களுள் "குறட்டை விட்டுத் தூங்குகிறான்" என்பதும் ஒன்று. கடன் அடைத்தவனும், அறுவடை முடித்தவனும், மகளைக் கட்டிக் கொடுத்து ஓய்ந்தவனும் உறங்கும் உறக்கத்துக்கு ஒலி வடிவம் தந்த இத்தொடர், குழந்தையின் படுக்கைக்கு வரும்போது பெரியவர்களை ஏமாற்றிவிடுகிறது. குறட்டை என்பது மூச்சுக்காற்று குறுகிய வழியில் இடித்துக்கொண்டு போவதால் தொண்டையின் மென்சதைகள் அதிர்ந்து எழுப்பும் ஒலியேயன்றி உறக்கத்தின் ஆழத்துக்கு அது அளவுகோல் அன்று. சளிபிடித்த இரண்டு நாளைக்கு வந்துபோகும் குறட்டையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மாதக்கணக்கில் தொடருமானால், "அப்பனைப் போலவே" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு அது தகுந்த விஷயம் ஆகாது.

தொண்டையின் மேற்பகுதி, எலும்பின் தாங்கல் இல்லாமல் தசைகளின் இழுவிசையால் மட்டுமே திறந்து நிற்கும் ஒரு குழாய். உறக்கத்தில் தசைகள் தளர்வதால் எல்லோருக்குமே அது சற்றுச் சுருங்குகிறது. இரண்டு வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கோ, தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சில்களும், மூக்கின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அடினாய்டு என்னும் மூக்கடிச் சதையும், இருக்கிற இடத்துக்குப் பொருந்தாத அளவில் பருத்திருக்கின்றன. வழி குறுகினால் குறட்டை எழுகிறது. வழி அவ்வப்போது அடைபட்டு, மூச்சிழுக்கும் முயற்சி நடந்துகொண்டிருக்கும்போதே காற்று மட்டும் உள்ளே போகாமல் நின்றால் அது உறக்க மூச்சுத்தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா. பெரியவர்களுக்கு மூச்சு பத்து விநாடி நின்றால்தான் ஒரு தடையாகக் கணக்கில் ஏறும். குழந்தைக்கு இரண்டு மூச்சு தவறினாலே போதும். பெரியவர்களிடத்தில் மணிக்கு 5 தடைகளுக்குக் குறைவாக இருந்தால் இயல்பு என்று விட்டுவிடும் மருத்துவம், குழந்தையிடத்தில் ஒன்றைத் தாண்டினாலே கவனிக்கத் தொடங்குகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தடை உள்ள குழந்தைகள் நூற்றுக்கு 1.2 முதல் 5.7 வரை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கூறுகிறது.

அருகே அமர்ந்து பார்ப்பவர்க்கு இது மறைவான நோயன்று. குழந்தை தலையணையை விட்டு நழுவி, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, மோவாயைக் கூரையை நோக்கி நிமிர்த்திக்கொண்டு கிடக்கும். அறிவு அறியாமலே உடல் கண்டுபிடித்த வைத்தியம் அது. குறட்டை திடீரென்று அறுந்து அறை அமைதியாகும்போது வயிறு மேலெழ, நெஞ்சு மட்டும் உள்ளே குழிந்து, விலாவெலும்புகளுக்கு இடையிலுள்ள தோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு செருமல், ஒரு புரளல், மீண்டும் குறட்டை. குளிர்ந்த இரவிலும் பிடரி வியர்த்திருக்கும். விடிந்தால் தலையணையில் எச்சில் கறையும், நெடுநாள் நின்றிருந்த படுக்கை நனைதல் மீண்டும் தலைகாட்டியதற்கான அடையாளமும் சில வீடுகளில் இருக்கும். ஆனால் இந்தக் காட்சி பெற்றோர் எட்டிப்பார்க்கும் நேரத்தில் நிகழ்வதில்லை. கண்ணிமைக்குள் விழிகள் அசைந்தோடும் கனவுறக்கத்தில்தான் தசைகள் பெரிதும் தளர்கின்றன. குழந்தைகளின் மூச்சுத்தடைகளும் அந்நிலையிலேயே மிகுதி. கனவுறக்கமோ இரவின் பிற்பகுதியில்தான் நீண்டு படர்கிறது. பத்து மணிக்கு விளக்கணைக்கும் தாய் காண்பது அமைதியான முகம். நடப்பது நான்கு மணிக்கு. ஒரே கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் படுத்த வீடுகளில், தூக்கம் வராத பாட்டி ஒருத்தியாவது இதைக் கேட்டிருப்பாள் என்பது, தனியறைகளின் காலத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரவு மறைத்ததைப் பகல் வேறு பெயரிட்டுக் காட்டுகிறது. மூச்சுத்தடையுள்ள பெரியவர் பகலில் சாய்ந்து உறங்கிவிடுவார். குழந்தை பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. உறக்கம் குறையுற்ற குழந்தை ஓரிடத்தில் நில்லாமல் அலைகிறது, சிறியதற்கும் சீறுகிறது, பாதிக் கணக்கில் பென்சிலை வைத்துவிடுகிறது. அதைத் துறுதுறுப்பு என்றோ, அடங்காமை என்றோ, மந்தம் என்றோ அழைக்கிறார்கள். இந்தப் பெயர்களில் ஒன்றுகூட மூச்சோடு தொடர்புடையதாக ஒலிப்பதில்லை.

வியப்பு என்னவெனில், இத்தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதே அன்று. 1868-இல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் மூக்கடிச் சதையின் வளர்ச்சியை விவரித்தார். 1889-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்லியம் ஹில் எழுதிய கட்டுரை, படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளின் மந்தத்துக்கு மூக்கடைப்பும் ஒரு காரணம் என்று வாதிட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் பால்டிமோரின் வில்லியம் ஆஸ்லர் தம் மருத்துவ நூலில், வாய் திறந்தபடி இருந்து, இரவில் இரைந்து மூச்சிழுத்து, இடையிடையே மூச்சு நின்று, பகலில் சோர்ந்த முகத்தோடு தாமதமாக விடை சொல்லும் பிள்ளையை நேரில் நிறுத்தினாற்போல் எழுதினார். இவ்வளவு தெரிந்திருந்தும், ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்மினோ எட்டுக் குழந்தைகளின் உறக்கத்தை அளந்து மூச்சுத்தடையைத் தனி நோயாக 1976-இல் அறிவிக்கும்வரை, அந்த அறிவு ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது.

இடைப்பட்ட காலத்தில் டான்சில்கள் அகற்றப்படாமல் இல்லை. அளவுக்கு மீறியே அகற்றப்பட்டன, ஆனால் காரணம் வேறு. கிருமித்தொற்றின் உறைவிடம் என்ற எண்ணத்தில் மேலைநாட்டுக் குழந்தைகளுக்கு அது கிட்டத்தட்ட ஒரு சடங்காகிவிட்டது. நியூயார்க் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரை வைத்து நடந்து 1934-இல் வெளியான ஆய்வு, அந்தக் காலத்தின் நாடியைப் பிடித்துக் காட்டுகிறது. ஆயிரவரில் 611 பேருக்கு முன்பே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை மருத்துவர்கள் பார்த்து 174 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டியபோது 99 பேருக்குத் தேவை என்றார்கள். மிஞ்சிய 116 பேரை மீண்டும் காட்டியபோது 51 பேருக்கு. தொண்டையைப் பார்த்தவர்கள் ஒவ்வொரு முறையும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களைப் பொறுக்கி எடுத்தார்களேயன்றி, நோயைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. இந்த மிகையைக் கண்டு பின்னாளில் எழுந்த தயக்கம் நியாயமானதே. எனினும் அந்தத் தயக்கமே மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்கும் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்ற விடையைத் தரத் தொடங்கியபோது நியாயம் நழுவியது.

அந்த விடை பொய்யாக இருந்திருந்தால் சிக்கலே இல்லை. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஐந்து முதல் ஒன்பது வயது வரையிலான 464 குழந்தைகள், உடனே அறுவை செய்யப்படுவோர், காத்திருந்து கவனிக்கப்படுவோர் என்று குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். ஏழு மாதம் கழித்து அறுவை செய்யப்பட்டவர்களில் 79 விழுக்காட்டினரின் உறக்கப் பரிசோதனை இயல்புநிலைக்கு வந்திருந்தது. கத்தியே படாதவர்களிலும் 46 விழுக்காட்டினர் அந்நிலையை எட்டியிருந்தார்கள். கவனத்தை அளக்கும் தேர்வுகளில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பெற்றோர் கண்ட நடத்தையிலும் அன்றாட நலத்திலும் அறுவை செய்யப்பட்டவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆக, வளர்ந்தால் சரியாகும் என்பது ஏறத்தாழப் பாதி உண்மை. முழுப் பொய்யைக் காலம் காட்டிக்கொடுத்துவிடும். பாதி உண்மைக்கோ ஒவ்வொரு தெருவிலும் ஒரு சாட்சி கிடைத்துக்கொண்டே இருப்பார்.

இங்கே "பொறுத்திருந்து பார்ப்போம்" என்னும் வழக்கை நிறுத்திக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அதில் இரண்டு வினைகள் உண்டு. வீடுகளில் நடப்பது பெரும்பாலும் முதல் வினை மட்டுமே. மேற்சொன்ன ஆய்வில் காத்திருந்த குழந்தைகள் சும்மா விடப்பட்டவர்கள் அல்லர்: கடுமையான தடை உள்ளவர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டார்கள், மற்றவர்களின் இரவு கம்பிகள் பொருத்தி அளக்கப்பட்டது, காத்திருப்புக்கு ஒரு முடிவுத் தேதியும் இருந்தது. தேதியில்லாத காத்திருப்பு மறதிக்கு இட்ட மரியாதையான பெயர். குறட்டையின் ஓசையை மட்டும் கேட்டு அது வெறும் குறட்டையா, மூச்சுத்தடையா என்று மருத்துவராலும் உறுதியாகப் பிரித்துவிட முடியாது. பெற்றோர் கைப்பேசியில் பிடித்துவரும் விடியற்காலைப் படக்காட்சி குறிப்புத் தருமேயன்றி, தீர்ப்பை உறக்கப் பரிசோதனைதான் சொல்லும். டான்சிலுக்குக் காட்டப்படும் இரக்கமும் காட்டப்பட வேண்டியதே. அறுவைக்குப் பின் குருதி கசியும் அபாயம் உண்டு. உடல் பருத்த பிள்ளைகளுக்கு அறுவைக்குப் பின்னும் தடை எஞ்சுவது உண்டு. பதின்பருவத்தில் எடை ஏறும்போது போனது திரும்புவதும் உண்டு.

காலத்தின் கணக்கு ஒன்று எஞ்சுகிறது. டேவிட் கோசால் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, முதல் வகுப்பில் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் நின்ற 297 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் 54 பேருக்கு இரவில் மூச்சு சீராக இல்லை. டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட்ட 24 பேரின் மதிப்பெண் அடுத்த ஆண்டில் உயர்ந்தது. அகற்றாமல் விட்டவர்களுடையது உயரவில்லை. மூன்றாண்டு கழித்து அவரும் ஒரு சக ஆய்வாளரும் பதின்மூன்று, பதினான்கு வயது மாணவர்களின் பெற்றோரிடம் பழைய இரவுகளைப் பற்றிக் கேட்டார்கள். படிப்பில் பின்தங்கியிருந்தவர்களிடையே, சிறுவயதில் அடிக்கடி உரக்கக் குறட்டை விட்டவர்கள் கூடுதலாக இருந்தார்கள். அந்தப் பெற்றோரிடம் கேட்டது அப்போதைய குறட்டையைப் பற்றி அன்று, இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் கேட்ட குறட்டையைப் பற்றி.