ஸ்கேல் வைத்து அடித்த கோடு

அண்ணன் மகள் ப்ளஸ் ஒன் சேர்க்கைப் படிவத்தில் முதலில் எழுதியிருந்த, கணக்கு உள்ள பர்ஸ்ட் குரூப்பை அடித்துவிட்டாள். ஸ்கேல் வைத்து, நேராக. கீழே காமர்ஸ் என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 93 வாங்கியவள்.

பயந்துவிட்டாள் என்கிறார்கள் வீட்டில். பயந்த பிள்ளை கிறுக்கி அடிக்கும். ஸ்கேலைத் தேடி எடுக்குமா? அந்தக் கோட்டில் அவசரமே இல்லை.

நான் படித்த பள்ளியில் கணக்கு வாத்தியார் விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் கொடுப்பார். எப்போதும் முன்னாலேயே தாள் வாங்கிவிடும் என் தோழி, உட்கார்ந்ததும் உள்ளங்கை வியர்வையைப் பாவாடையில் துடைப்பாள். கணக்கு அவளுக்கு நன்றாக வந்தது. பத்தாவதோடு அதை விட்டுவிட்டாள்.

பெண்பிள்ளைகள் ஏன் உயர்வகுப்புக் கணக்கை எடுப்பதில்லை என்று ஆராய்ந்த ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றி எப்போதோ படித்தேன். 1983-ல் அவரும் குழுவினரும் வகுத்த கோட்பாட்டில் பிள்ளைகளுக்குள் இரண்டு கேள்விகள் ஓடுகின்றன. என்னால் முடியுமா? இது எனக்கு எதற்கு? பிடித்தம், பயன், அதற்காக இழக்க வேண்டியவை எல்லாம் இரண்டாவதில் அடங்கும். பிள்ளை எவ்வளவு மதிப்பெண் வாங்கும் என்பதை முதல் கேள்வியின் பதில் காட்டியது. மேற்கொண்டு கணக்கு எடுக்குமா என்பதை இரண்டாவதுதான் காட்டியது.

ராமானுஜன் நினைவுக்கு வருகிறார். 1897-ல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாக வந்த பையன், பின்னால் கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். 1907-ல் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். முடியாமல் போயிற்று என்று நான் நம்பவில்லை. மற்ற பாடங்கள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் விட்டதெல்லாம் தனக்குப் பிடித்த ஒன்றுக்காக. இவளுக்கு அப்படி ஒன்று இருக்கிறதா?

ஏன் அடித்தாய் என்று அவளிடமே கேட்டேன். "முடியும் அத்தை. ஆனா ரெண்டு வருஷமும் பயந்துகிட்டே படிக்கணும். அது வேணாம்" என்றாள். அது அச்சத்தின் பேச்சா, கணக்குப் போட்டு எடுத்த முடிவா? வியர்வையைத் துடைத்த தோழியிடம் யாராவது கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாளோ என்னவோ.

உன்னால் முடியும் என்று எடுத்துச் சொல்லச் சொல்கிறார் அண்ணன். அது அவளுக்கே தெரியும். பயந்துகொண்டே படிப்பதற்கு அந்தப் படிப்பு ஈடாகும் என்று நான் எப்படிச் சொல்வது? ஈடாகாது என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.