தந்தைபால் ஒளியாமை



சித்தாந்த நூல்கள் கூறும் நன்னெறி நான்கனுள் கிரியை, சற்புத்திரமார்க்கம் எனப் பெயர் பெறும். அந்நெறிக்கு ஆசிரியராகத் திருஞானசம்பந்த சுவாமிகளைக் காட்டுதல் மரபு. அவர் இறைவனுக்கு மகனாய் நின்ற சிறப்பை யாவரும் பேசுவர். ஈன்ற தந்தையாராகிய சிவபாதவிருதயருக்கு மகனாய் நின்றவாற்றைச் சிந்திப்பார் சிலரே.

சீகாழிக் குளக்கரையில் நிகழ்ந்ததை நோக்குக. நீராடிக் கரையேறிய தந்தையார், மூன்று வயதுப் பிள்ளையின் வாயிற் பால் வழியக் கண்டார். யாரோ அளித்த எச்சிற்பால் என்று வெகுண்டு, சிறுகோல் ஒன்றை ஓங்கி, கொடுத்தவரைக் காட்டுக என்றார். கோலுக்கு அஞ்சிய குழந்தை, ஒன்றும் உண்டிலேன் என்று வாயைத் துடைத்துக்கொள்வது உலகியல். பிள்ளையாரோ விண்ணிடைத் தோன்றிய தோணியப்பரைத் திருவிரலாற் சுட்டி, அவருடைய அடையாளங்களையும் பாடியருளினார். கேட்பார் நம்புதற்கரியதாயினும் உள்ளதை உள்ளவாறே உரைத்தார். திருமுறைகளின் முதற்பதிகம் ஒரு தந்தையின் வினாவுக்கு மகன் அளித்த விடையன்றோ!

தந்தையார் செய்ததையும் மறத்தலாகாது. கோல் ஓங்கினார், ஆயின் அடிக்குமுன் வினாவினார். நம் இல்லங்களிலோ வினாவுமுன் அடி விழுந்துவிடுகின்றது. பின்னர் மகன் பொய்யனாயினான் என்று வருந்துகின்றனர்.

அற்றேல், சண்டேசுர நாயனார் தந்தையின் தாளைத் தடிந்தது என்னை எனின், ஆண்டும் வழக்குப் பாலைப் பற்றியதே. சேய்ஞலூர் அந்தணர் மகன்மேற் குற்றஞ்சாட்டியபோது, எச்சதத்தன் யானறியேன் என்றான். மகனை அழைத்து ஒரு சொல் வினாவியதாகச் சேக்கிழார் கூறிற்றிலர். மறுநாள் ஒளிந்து பின்சென்று, மரத்தின்மேலேறி மறைந்திருந்தான், மணலிலிங்கத்துக்குப் பாலாட்டக் கண்டதும் இறங்கிவந்து புடைத்தான், பாற்குடத்தை இடறினான். நாயனார் செயல் சிவபூசையின் வழிப்பட்டது. அதனை அளக்க நாம் யார்? தந்தையின் செயலையே ஈண்டுக் காட்டினேம்.

இது மடங்களில் இருப்போர்க்கும் உரியதொன்று. தீக்கையும் காவியும் வேண்டி வரும் இளைஞருள், தந்தையார் அறிவாரோ என்று வினவினால் தலைகுனிவார் சிலர் உளர். தடுப்பார் என்றஞ்சிச் சொல்லாது வந்தேம் என்பர். தடுக்கலாம், அழலாம், கோலும் எடுக்கலாம். ஆயினும் ஈன்றவர்க்கு ஒளித்ததொன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு, குருமூர்த்தியின் திருமுன்னர் மறைப்பின்றி நிற்றல் எங்ஙனம் கூடும்? மறைத்தல் ஆணவத்தின் தொழில் என்பதன்றோ அவர் கேட்கப்போகும் பாடம்! அத்தகையாரைச் சீகாழிப் பிள்ளையார் சரிதத்தை ஒருமுறை ஓதுவித்து, ஊருக்கு அனுப்பிவைத்தலே தக்கது. தந்தையாரை உடனழைத்து மீண்டாரும் உளர்; மீளாதாரும் உளர்.