போன் நம்பர் மட்டும் பெரிதாக

அனுமன் சாலிசா யந்திரத்துக்கு அதிசய சக்தி உண்டென்று டி.வி.யில் விளம்பரம் செய்து விற்பது மகாராஷ்டிரத்தின் 2013ஆம் ஆண்டு மாந்திரீகத் தடைச் சட்டப்படி குற்றம் என்று, 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு தீர்ப்பளித்தது. யந்திரத்தின் மகிமை கோர்ட்டுப் படியேறிவிட்டது. இப்படிப்பட்ட விளம்பரங்களின் கடைசி அரை நிமிடம், அதாவது விலையும் போன் நம்பரும் ஓடுகிற திரை, அந்த அளவுக்கு யாரையும் உறுத்துவதில்லை. உறுத்த வேண்டும். முழு விலை, விற்பவர் பெயர், முகவரி, பிடிக்காவிட்டால் திருப்பும் வழி ஆகியவற்றைப் போன் நம்பரைப் போலவே தெளிவாகக் காட்டாத விளம்பரம், மற்றதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும், அறத்துக்குப் புறம்பானது.

காரைக்காலுக்கு வடக்கே உள்ள கோட்டுச்சேரியில் மதியச் சாப்பாடு முடிந்து டி.வி. முன் உட்காரும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றிய குரல் மூச்சுவிடாமல் பேசுகிறது. பாதித் திரைக்கு மஞ்சளில் எண். மூலையில் நொடிகளைக் குறைத்துக்கொண்டே வரும் கடிகாரம். அடியில் எறும்பு ஊர்வதுபோல ஆங்கிலத்தில் ஒரு வரி. கூரியர் கட்டணம் தனி என்பது அதில்தான் இருக்கிறது. ‘தமிழ்நாடு முழுவதும் டெலிவரி இலவசம்’ என்றால், மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாக இருந்தும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் அந்தக் கணக்கில் வருமா? போன் போட்டால்தான் தெரியும். போட்டுவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் லேசில் விடமாட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிகளின்படி, நிபந்தனை வரி விளம்பரம் பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த நெறிகள், பொய்யான அவசரம் காட்டுவதையும் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவதையும் சேர்த்து 13 தந்திரங்களைத் தடுத்தன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, ஏமாந்தவர் தாம் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கோட்டுச்சேரிக்காரர் மும்பைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். ஆனால் யார் மேல் போடுவது? மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுதியாக வேண்டும். பத்து இலக்க எண்ணை மட்டும் கையில் வைத்திருப்பவர் அங்கே என்ன எழுதுவார்?

இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. ‘ஸ்னக்கி’ என்ற கைவைத்த போர்வையை டி.வி.யில் விற்றுப் பேரெடுத்த அமெரிக்காவின் ஆல்ஸ்டார் நிறுவனம், ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று ஆசைகாட்டி, அனுப்பும் செலவு என்ற பெயரில் 19.95 டாலரை 35.85 ஆக்கியது. அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் சேர்ந்து பிடிக்க, 2015இல் 80 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

டி.வி. நேரம் விலை கூடியது, வாங்குகிறவரும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று விற்பவர் சொல்லலாம். ஓரளவு நியாயம்தான். ஆனால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேரம் இருப்பவருக்கு, முகவரியை ஒரு தடவை சொல்ல நேரம் இல்லாமல் போகாது.

கோட்டுச்சேரியிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் பூம்புகார். அந்த ஊர் வணிகர் வாங்குவதை மிகுதியாக வாங்காமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் வாணிகம் செய்ததைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அங்கே குவிந்திருந்த பொதிகளில் உடையவர் பெயரும் எண்ணும் பொறித்திருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மதுரைக்காஞ்சியும் அறநெறி பிழையாத வணிகரைப் பேசும். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் வைத்ததோ நடுவு நிலைமை அதிகாரத்தில். மூட்டையில் பெயர் பொறித்து விற்ற கரையோரத்துக்கு இன்று பெயரில்லாத பெட்டி வந்து இறங்குவதைப் பெரிய வளர்ச்சி என்று கொண்டாட முடியுமா?

சேனல்களும் இதில் பங்காளிகள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, தவறான விளம்பரத்தை வெளியிடுகிறவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வழக்கமான தொழில்முறையில்தான் வெளியிட்டோம் என்று சொல்லித் தப்பவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழியை நம்பிக் காசு வாங்குவதற்குப் பதில், விற்பவரின் முகவரியும் எல்லாக் கட்டணமும் சேர்ந்த தொகையும் தமிழில் இல்லாத விளம்பரத்தைப் பதிவு மேசையிலேயே திருப்பி அனுப்பலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.