கண்டவரும் கேட்டவரும்

தம் கண்ணால் காணாத ஒன்றை ஒருவர் 'கண்டேன்' என்று சொன்னால் அது பொய். இதைச் சொல்ல நூலறிவு வேண்டியதில்லை; இரண்டாம் வகுப்புக் குழந்தை சொல்லிவிடும். ஆனால் அதே மனிதர் அதை இருபது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, இறுதியில் தாமே அதை நம்பிவிட்டார் என்றால், அப்போதும் அவர் பொய்யர்தாமா? சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இவ்வினாவை என்முன் வைத்தது. அதற்கு அடிப்படை ஒரு கிரிக்கெட் ஆட்டம். எழுபது வயதைக் கடந்த ஓர் ஆசிரியைக்குக் கிரிக்கெட்டில் என்ன வேலை என்று அன்பர்கள் நகைக்கலாம். நாற்பது மாணவர்களை ஆண்டுதோறும் மேய்த்தவளுக்கு அவர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

அந்த ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. டெல்லியில் பெரோஸ் ஷா கோட்லா மைதானம். (2019 முதல் அது அருண் ஜேட்லி பெயரால் வழங்குகிறது.) இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான டெஸ்ட் ஆட்டத்தின் நான்காம் நாள். பாகிஸ்தானுக்கு இலக்கு 420 ஓட்டங்கள். தொடக்க ஆட்டக்காரர்களாகிய சயீத் அன்வரும் ஷாகித் அப்ரிடியும் உணவு இடைவேளை வரை ஆட்டமிழக்காமல் 101 ஓட்டங்கள் சேர்த்துவிட்டனர். பெங்களூரைச் சேர்ந்த அனில் கும்ப்ளே அதுவரை ஆறு ஓவர்கள் வீசி ஒரு விக்கெட்டும் பெறவில்லை. இடைவேளைக்குப் பின் அவர் எதிர்முனையிலிருந்து வீசத் தொடங்கினார். விக்கெட்டின்றி 101 என்று இருந்த எண்ணிக்கை ஆறு விக்கெட்டுக்கு 128 என்றாயிற்று. மாலைக்குள் பாகிஸ்தான் 207 ஓட்டங்களில் முடிந்தது. பத்து விக்கெட்டுகளும் கும்ப்ளேயுடையவை. 26.3 ஓவர்கள், 74 ஓட்டங்கள், 10 விக்கெட்டுகள். டெஸ்ட் வரலாற்றில் அதற்குமுன் 1956-இல் மான்செஸ்டரில் ஜிம் லேக்கர் ஒருவரே அதைச் செய்திருந்தார். சிறுவனாக லேக்கரின் அருஞ்செயலைக் கண்ட ஆங்கிலேயர் ஒருவர், நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துக் கோட்லாவிலும் அமர்ந்திருந்தாராம். காணும் பேறு சிலருக்கு இவ்வாறு இருமுறை வாய்க்கிறது.

என் தமையனார் மகன் அப்போது டெல்லியில் பணியில் இருந்தான். கோட்லாவில் தான் அமர்ந்து கண்ட கதையை அவன் சொல்லும்போது வீட்டில் ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். இன்சமாமின் மட்டையில் பட்ட பந்து எவ்வாறு ஸ்டம்பில் பாய்ந்தது, இறுதியில் வாசிம் அக்ரம் அடித்த பந்தை லட்சுமண் எவ்வாறு பற்றினார், பக்கத்தில் இருந்த முன்பின் அறியாத முதியவர் எவ்வாறு தன்னைக் கட்டிக்கொண்டு அழுதார் என்றெல்லாம் சொல்வான். 2021 டிசம்பர் 4 அன்று மும்பையில் நியூசிலாந்தின் அஜாஸ் பட்டேல் பத்து விக்கெட்டுகளையும் வீழ்த்தியபோது, அவன் தன் மக்களை அருகழைத்து அக்கதையை மீண்டும் ஒருமுறை சொன்னானாம். அவர்கள் என்னிடம் அதைத் தொலைபேசியில் பெருமையோடு தெரிவித்தார்கள்.

சென்ற ஆண்டு என் தமையனார் காலமானார். கருமங்கள் முடிந்தபின் அவருடைய இரும்புப் பெட்டியை ஒழுங்குசெய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. பழைய இன்லண்டு கடிதங்கள் ஒரு கட்டாக இருந்தன. அவற்றுள் ஒன்று 1999 பிப்ரவரி 8 நாளிட்டது. மகன் தந்தைக்கு எழுதியது. காலையில் மைதானத்தில் இருந்ததாகவும், விக்கெட் விழாத சலிப்பிலும் வயிற்றுப் பசியிலும் இடைவேளையின்போது வெளியே வந்துவிட்டதாகவும், டெல்லி கேட் அருகே பேருந்துக்காக நிற்கையில் உள்ளிருந்து பேரிரைச்சல் கேட்டதாகவும் எழுதியிருந்தான். 'அப்பா, என் வாழ்நாளில் இதைவிட மடமை ஒன்றும் நான் செய்ததில்லை' என்று முடித்திருந்தான்.

எனக்கு முதலில் தோன்றியது சினம். அந்த முதியவர் யார்? கட்டிக்கொண்டு அழுதவர் எங்கிருந்து வந்தார்? பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. என் தமையனார் இருபத்தைந்து ஆண்டுகள் அக்கடிதத்தை வைத்துக்கொண்டு, மகன் கதை சொல்லும்போதெல்லாம் திண்ணையில் அமர்ந்து தலையசைத்துக் கேட்டிருக்கிறார். ஒருமுறையாவது மறுத்ததில்லை. அது அன்பா, அல்லது பொய்க்குத் துணைபோனதா? இன்றுவரை எனக்குத் துணிபில்லை.

சினம் அடங்கியபின் வெட்கம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அன்று திற்பரப்பில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிருவர் இருந்தார்கள். நான்காம் விக்கெட்டோ ஐந்தாம் விக்கெட்டோ விழுந்த வேளையில் மின்சாரம் நின்றுவிட்டது. பிள்ளைகள் குலசேகரத்துப் பக்கம் சைக்கிளில் ஓடினார்கள். நான் துணி மடிக்கப் போய்விட்டேன். எஞ்சியவற்றை இரவுச் செய்தியில் துண்டு துண்டாகக் கண்டதுதான். ஆனால் மறுநாள் வகுப்பில் 'நேற்று நான் கண்ணாரக் கண்டேன்' என்றே தொடங்கினேன். அதன்பின் ஓய்வுபெறும் வரை ஆண்டுதோறும் அவ்வாறே தொடங்கினேன். நன்னெறி வகுப்பில்! வாய்மை பற்றிய பாடத்துக்கு அடுத்த பாடமாக!

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார்கள். வகுப்பு நடக்கும்போது ஒருவர் திடீரென்று உள்ளே வந்து, மேசைமேல் இருந்த பொருள்களைக் கலைத்து, ஏதோ உரக்கச் சொல்லிவிட்டு ஓடினார். கண்டதை எழுதுங்கள் என்றார் விரிவுரையாளர். வந்தவர் அணிந்தது வெள்ளைச் சட்டை என்றனர் சிலர். நீலம் என்றனர் சிலர். அவர் கையில் குடை இருந்தது என்று நான் எழுதினேன். குடையே இல்லை. மழைக்காலம் ஆகையால் என் மனம் ஒரு குடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. பின்னர் நானும் என் மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு குடை எங்கிருந்தோ வந்துவிடும்.

அநேகாந்தத்தைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பல கோணங்களில் நின்று கண்டவர்கள் வேறுபடப் பேசுவது இயல்பு. ஒவ்வொருவர் சொல்லிலும் ஒரு பகுதி உண்மை இருக்கும். ஆனால் எக்கோணத்திலும் நில்லாதவன், நின்றவனுடைய இடத்தைத் தனதாக்கிக்கொள்வது வேறு. முன்னது அறிவின் எல்லை. பின்னது ஒருவகைக் களவு. என் தமையனார் மகன் களவாடியது ஓர் இருக்கை. நான் களவாடியது ஒரு பிற்பகல். பொருளை இழந்தவர் யாருமில்லை என்பதாலேயே இக்களவு நமக்கு உறுத்துவதில்லை போலும். (1988 பொங்கலை ஒட்டிச் சென்னையில் நரேந்திர ஹிர்வானி தம் முதல் டெஸ்டிலேயே 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள் வீழ்த்தியதைக் கண்டதாக எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சொல்வதில்லை. அந்த மட்டில் தப்பித்தோம்.)

வகுப்பில் நான் அக்கதையைச் சொன்னது கும்ப்ளேயின் திறமைக்காக அன்று; ஜவகல் ஸ்ரீநாத்துக்காக. ஒன்பது விக்கெட்டுகள் விழுந்துவிட்டன. அடுத்த ஓவர் ஸ்ரீநாத்துடையது. ஒரு நல்ல பந்து வீசினால் பத்தாம் விக்கெட் அவருக்கு வந்துவிடலாம். தோழரின் பேறு போய்விடும். அவரோ எட்டாத தொலைவில் பந்துகளை வீசினார். நடுவர் 'வைடு' என்று கைவிரித்தார். வக்கார் யூனிஸ் உயரத் தூக்கியடித்த பந்தை நோக்கி நம் சென்னைப் பையன் சடகோபன் ரமேஷ் ஓட, பிடிக்காதே என்று கூவினார்களாம். பந்து தரையில் விழுந்தது. அடுத்த ஓவரில் கும்ப்ளே அக்ரமை வீழ்த்தினார். தனக்கு வரக்கூடியதைப் பிறருக்காக வேண்டாமென்று விடுத்த மேன்மையைப் பாருங்கள் என்று நான் பாடத்தை முடிப்பேன்.

ஓர் ஆண்டு, கடைசி வரிசையில் இருந்த மாணவன் எழுந்தான். அவன் தந்தை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. "டீச்சர், நான் பரீட்சையில் வேணும்னே தப்பா எழுதி இவனை முதல் மார்க் வாங்க வெச்சா அது சரியா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் ஏதோ சொல்லி அமர வைத்தேன். அது விடை ஆகாது என்று எனக்கே தெரியும்.

இப்போது எண்ணிப் பார்க்கிறேன். லேக்கர் 90 ஓட்டங்களுக்கு 19 விக்கெட்டுகள் எடுத்த அந்த மான்செஸ்டர் ஆட்டத்தில், எதிர்முனையில் வீசிய டோனி லாக் ஒவ்வொரு பந்திலும் விக்கெட்டுக்காக முயன்றார். அவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அவர் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே லேக்கரின் பெருமையில் ஐயத்துக்கு இடமில்லை. ஸ்ரீநாத் விட்டுக்கொடுத்தார், ஆகவே கும்ப்ளேயின் பத்தில் ஒரு துளி, கொடையாக வந்தது. லாக்கின் வழியே நேர்மை என்று அம்மாணவன் சொல்லியிருப்பான். ஆனால் ஸ்ரீநாத்தின் செயலால் எதிரணிக்கு ஊறு உண்டா? வெற்றி இந்தியாவின் கையில் இருந்தது. எதிரணி பெற்றது சில ஓட்டங்கள். மறைவாகவும் அவர் செய்யவில்லை. மைதானம் முழுதும் அறியவே செய்தார். பரீட்சையில் வேண்டுமென்றே தவறாக எழுதுபவன் ஆசிரியரை ஏமாற்றுகிறான். ஸ்ரீநாத் யாரையும் ஏமாற்றவில்லை. இவ்வேறுபாட்டை அன்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவனுக்கே பிள்ளைகள் இருப்பார்கள்.

அதனினும் அரிய ஒன்றை நான் வகுப்பில் சொன்னதே இல்லை, பிற்காலத்தில்தான் அறிந்தேன். கும்ப்ளேக்குப் பத்தாவது விக்கெட் கிட்டாதபடி ரன் அவுட் ஆகிவிடலாமா என்று வக்கார் தம்மிடம் கேட்டதாகவும், அது முறையன்று எனத் தாம் மறுத்ததாகவும் வாசிம் அக்ரமே சொல்லியிருக்கிறார். தோழனுக்காக ஒன்றை விடுவதினும், தம்மைத் தோற்கடிப்பவனுக்குரியதைத் தடுக்காமல் நிற்பது கடினம். பத்தாவது விக்கெட்டாக வீழ்ந்தவரும் அந்த அக்ரமே.

அக்ரமின் மனத்தில் ஒரு வாரத்துக்கு முந்திய சென்னை இருந்திருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. அவ்வாண்டு சனவரியில் கோட்லா ஆடுகளத்தைச் சிலர் தோண்டிப் பாழாக்கினர். ஆகவே முதல் ஆட்டம் சேப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. சனவரி 31 அன்று சச்சின் முதுகுவலியோடு 136 ஓட்டங்கள் எடுத்தும், வெற்றிக்குப் பதினேழு ஓட்டங்கள் இருக்கையில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் வீழ்ந்தார். பின்னர் நான்கே ஓட்டங்களில் எல்லாம் முடிந்து, இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. அரங்கில் இருந்த மக்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினர். அவ்வணியினர் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டனர்.

சேப்பாக்கத்தில் இருந்த ஒருவரோடு நான் பேசியிருக்கிறேன். எங்கள் பள்ளியிலேயே பணிபுரிந்தவர். சச்சின் அவுட்டான பந்து எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "எழுந்திருக்கலாமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் இருந்தது டீச்சர். அப்புறம் எழுந்துட்டேன்" என்பார். அவ்வளவுதான். தான் கண்டதை மறந்துவிட்டார். தான் செய்ததை மறக்கவில்லை. அவர் சொல்லை நான் நம்புகிறேன். அதில் அலங்காரம் ஏதுமில்லை.

கடிதத்தை என்ன செய்வது என்று இரண்டு மாதங்கள் தயங்கினேன். கிழித்துவிடலாம், அவன் கதை பிழைத்துப் போகும். அவன் மக்களிடம் காட்டலாம், அது கொடுமை. என் தமையனாரைப்போல் வைத்துக்கொண்டு தலையசைக்கலாம். அவருக்கிருந்த பொறுமை எனக்கில்லை. இறுதியில் ஓர் உறையிலிட்டு அவன் பெயருக்கே அனுப்பினேன். மின்சாரம் நின்ற கதையையும் துணி மடித்த கதையையும் ஒரு தாளில் எழுதி உடன் வைத்தேன்.

பத்து நாள் பேச்சில்லை. பிறகு ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தான்.

"அத்தை, லெட்டர் வந்துது" என்றான். சற்றுப் பொறுத்து, "அந்தப் பெரியவர் நிஜம் அத்தை. பஸ்ஸிலே பக்கத்துலே இருந்தார். ரேடியோ வெச்சிருந்தார்" என்றான்.

"கட்டிக்கிட்டு அழுதாரா?"

"அது தெரியலை. அழுதாருன்னுதான் ஞாபகம்."

மக்களிடம் சொல்லிவிட்டானா என்று கேட்டேன். சொல்லிவிட்டானாம். இளையவன் ஒரு நாள் முழுதும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மறுநாள் வந்து, வெளியே நின்றபோது எத்தனை முறை சத்தம் கேட்டது என்று விசாரித்தானாம்.

"நீ என்ன சொன்னே?"

"மூணு தடவைன்னேன். அதுக்குள்ளே பஸ் வந்துடுச்சு. மூணுதான் அத்தை, நிச்சயமா மூணுதான்."

கடிதத்தில் இரண்டு என்று எழுதியிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.